தேய்மானக் கணக்கு

அப்பாவுக்கு 79 வயது. அம்மா போன பிறகு கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன்.

காலை ஆறரை மணி. ஹாலில் பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து... பயிற்சி நடக்கிறது. அப்பா மட்டும் ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையாப்பா?"

"இந்த வயசுல பயில்வானாகி எந்தச் சண்டைக்குடா போகப் போறேன்?"

மத்தியானமும் அதே கதைதான். சுண்டலையும் கூட்டையும் தொடவில்லை. ரசம் சாதம், மோர் சாதம், அவ்வளவுதான்!

நான் பி.காம். எந்த மெஷினும் வருஷா வருஷம் தேயும் என்றுதான் எங்களுக்குப் பாடம். மனுஷ உடம்பு அந்தக் கணக்குக்கு அடங்காது சார்! அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90! எட்டு வாரம் முடித்தவர்களுக்குத் தொடை பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். இது 1990-ல் வெளியான ஆராய்ச்சி. 1994-ல் 100 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். சத்துபானம் மட்டும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்குப் பலம் ஏறவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கு ஏறியது.

அதற்காகச் சுண்டலை ஒதுக்கலாமா? கூடாது. வயதானவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். ரசம் சாதத்தில் அது எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"பாத்ரூம்ல ஒருநாள் வழுக்கிட்டேன்டா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அதுலேர்ந்து எழுந்து நின்னாலே பயமா இருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. சோம்பேறித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"சரி, நீ செஞ்சு காட்டு" என்றார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். பன்னிரண்டாவது தடவை முட்டி 'கடக்' என்றது. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம்!

மறுநாள் காலை கடைசி வரிசையில், சுவரோரம், இரண்டு நாற்காலி. பயிற்சி சொல்லித்தரும் பெண் பக்கத்திலேயே நின்றாள். அப்பா நாலு தடவை எழுந்தார்.

நேற்று போன் செய்தார். "இன்னிக்கு ஒன்பது! சுண்டலும் சாப்பிட்டேன். நீ எத்தனைடா?"

நான் பதில் சொல்லவில்லை. முதல் மாடி ஆபீசுக்குப் போக லிஃப்டுக்காகக் காத்திருந்தேன்.