தனிமையும் மனநலமும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர். பேச்சும் விளையாட்டும் விழாவும் அவ்வியல்பின் வெளிப்பாடுகளாம். அவற்றை ஒருங்கே நிறுத்திவைத்த காலம் ஒன்று அண்மையில் வந்தது. கொரோனாப் பெருந்தொற்றைத் தடுக்கும் பொருட்டு, 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் முதல் இந்திய நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

தூத்துக்குடிக் கடற்கரையும் அதற்கு விலக்கன்று. மீன்பிடி படகுகள் கரையில் நின்றன. தேரிமணலும் பனையும் சூழ்ந்த சாத்தான்குளத்திலும் பள்ளிகள் அடைபட்டன. அவ்வாண்டு தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவும் திருச்செந்தூர்ச் சூரசம்மாரமும் மக்கள் திரளின்றியே நடைபெற்றன.

நோய் மூச்சின் வழியே பரவுவதாதலின், விலகியிருத்தல் இன்றியமையாததாயிற்று. ஆயினும், உடலைக் காத்த அவ்வேலி உள்ளத்தை வருத்தியது. தனிமை நீளுமாயின் உறக்கம் கெடும். உறக்கம் கெடின் ஊக்கம் குன்றும். ஊக்கம் குன்றியவர் பிறரை நாடார். நாடாமையால் தனிமை மேலும் பெருகும்.

இத்துன்பம் பருவந்தோறும் வேறுபடும். சிறுவர் விட்டுக்கொடுத்தலைத் தோழரோடு ஆடியே கற்கின்றனர். அத்தோழரைப் பிரிந்தமையால் அச்சமும் பிடிவாதமும் அவர்களிடம் தலைதூக்கின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் திறக்கப்பட்டன. நட்பை நாடும் பருவத்து இளைஞர், கைபேசித் திரையோடு ஒடுங்கினர். அதுவும் இல்லாதவர் பாடத்தையும் தோழமையையும் ஒருசேர இழந்தனர். நடுவயதினரை வருவாய்க் கவலை வாட்டியது. நோய் கடுமையாகத் தாக்கும் என்று காக்கப்பட்ட முதியோரோ, வெளியூர் மக்களைக் காணாமலும் உரையாட ஆளின்றியும் தளர்ந்தனர்.

பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு மிகுந்தன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞரும் பெண்டிரும் பெரிதும் வருந்தினர் என்றும் அது கூறிற்று.

உடலால் விலகியிருப்பது வேறு. உள்ளத்தால் விலகியிருப்பது வேறு. முன்னது நோய்க்காலத்தில் கடமை. பின்னது எக்காலத்தும் தீது. தொலைவிலுள்ள பாட்டியிடம் நாள்தோறும் சிறிது நேரம் தொலைபேசியில் பேசுதல், குறித்த வேளையில் உண்டு உறங்குதல், வெயிலில் சற்றே உலாவுதல் ஆகியன எளிய மருந்துகள்.

இரண்டு கிழமைக்கு மேலும் துயரம் நீங்காதாயின், அதனைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உரைத்தல் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மனாஸ் என்னும் அரசுப் பணியின் 14416 என்ற எண்ணிலும் அறிவுரை பெறலாம். காய்ச்சலைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. மனநோவைச் சொல்லவும் நாண வேண்டுவதில்லை. அதனைப் பொறுமையுடன் செவிமடுப்பதும் ஓர் அறமேயாகும்.