எங்கே நிற்கிறோம்? எங்கே போகிறோம்?

மவுசைத் தட்டினாலே வேலை முடிகிற காலத்தில் கறுப்புத் திரையும் கட்டளையும் எதற்கு என்று கேட்கலாம். லினக்ஸ் லேப்புக்குள் நுழைந்தால் விடை தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு லேப் நேரம்தான் எல்லாம். அதில் பாதியை "என் ஃபைல் எங்கே போச்சு?" என்று தேடியே தொலைக்கலாமா?

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது யூனிக்ஸ். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அதே வழிதான். டைரக்டரிகள் தலைகீழ் மரம் மாதிரி. வேர் உச்சியில் இருக்கும். அதன் பெயர் வெறும் சாய்கோடு (/).

முக்கியக் கட்டளைகள் மூன்று. 'பிடபிள்யூடி' என்றதும் பொதுப்பணித் துறை என்று சிவில் நண்பர்கள் நினைக்க வேண்டாம்! நாம் நிற்கும் இடத்தைச் சொல்வது அது. அங்கே என்ன இருக்கிறது என்று காட்டுவது 'எல்எஸ்'. இடம் மாற்றுவது 'சிடி'.

வழி சொல்வதில் இரண்டு வகை உண்டு. '/ஹோம்/மாணவன்/லேப்' என்பது தபால் விலாசம் மாதிரி. எங்கிருந்து எழுதினாலும் போய்ச் சேரும். வெறும் 'லேப்' என்பது "பக்கத்துத் தெருதான்" என்பது மாதிரி. நிற்கிற இடம் மாறினால் வழி தப்பிவிடும்.

சில குறுக்குவழிகள்:

1. சிடி .. – ஒரு படி மேலே போகும்.
2. சிடி ../ரெக்கார்டு – மேலே ஏறி, பக்கத்து டைரக்டரிக்குள் இறங்கும்.
3. சிடி - – கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்பும்.
4. வெறும் சிடி – நம் சொந்த டைரக்டரிக்கே போகும். (விண்டோஸில் இதுவே நிற்கும் இடத்தை மட்டும் காட்டும்.)

பெயரில் பாதி அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியை ஷெல்லே நிரப்பிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸில் வேறு வேறு, கவனம் தேவை.

வைவாவுக்கு ஒன்று: சிடி ஏன் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது? தனி புரோகிராம் என்றால் அது தன் இடத்தைத்தான் மாற்றிக்கொள்ளும். அது முடிந்ததும் ஷெல் பழைய இடத்திலேயே நிற்கும்.

கடைசியாக, 'ஆர்எம்' அழித்த ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். எனவே அழிக்கும் முன் ஒருமுறை பிடபிள்யூடி அடித்துப் பாருங்கள். ஒரு நொடி வேலை; ஒரு செமஸ்டர் உழைப்பு மிஞ்சும்!