மூன்றரை மீட்டர் காரில் ஆறு பேர் போனார்கள், தெரியுமா?

அமெரிக்காவில் ஓடும் ஹம்மர் மின்சார வண்டியின் பேட்டரியை மட்டும் கழற்றி எடை போட்டால் எவ்வளவு வரும் தெரியுமா? 1,300 கிலோவுக்கு மேல்! ஏறக்குறைய இரண்டு மாருதி 800 கார்களை எதிர்த்தட்டில் ஏற்றினால்தான் தராசு நேராகும். முழு வண்டியும் சேர்ந்தால் 4 டன்னைத் தாண்டுகிறது. அந்த பிக்கப்பில் எத்தனை பேர் உட்காரலாம்? ஐந்தே பேர். மாருதி 800-இலும் நாம் ஐந்து பேர்தான் போனோம், மடியில் இருந்த குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!

இன்னும் பின்னால் போவோமா? 1956-இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் '600 மல்டிப்ளா' என்றொரு வண்டியை விட்டது. நீளம் சுமார் மூன்றரை மீட்டர். எஞ்சின் வெறும் 633 சிசி. அதற்குள் மூன்று வரிசை இருக்கைகள், ஆறு பேர்! எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டு, டிரைவரை முன்சக்கரத்தின் மேலேயே உட்கார வைத்துவிட்டார்கள். முன்னால் மூக்கே கிடையாது. இன்று ஏழு பேர் போகும் ஃபார்ச்சூனருக்கு 4.8 மீட்டர் தேவைப்படுகிறது.

ஆனால் இட வித்தையில் பேரரசர் என்றால் கார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ்தான். 1956-இல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். குறைந்த பெட்ரோலில் ஓடும் குட்டிக் கார் வேண்டும் என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் செய்ததைக் கேளுங்கள்! வழக்கமாக நீளவாக்கில் படுத்திருக்கும் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். கியர்பாக்ஸை அதற்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். இரண்டுக்கும் ஒரே ஆயில்! சக்கரம் 10 அங்குலம். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். 1959-இல் 'மினி' என்ற பெயரில் வெளிவந்த அந்தக் காரின் நீளம் 3.05 மீட்டர்தான், தரைப்பரப்பில் சுமார் 80 சதவீதம் மனிதர்களுக்கும் பெட்டிகளுக்கும் போயிற்று. 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியையும் வென்றது இந்தப் பொடியன்! சாலையில் ஓடும் ஒரு கிரெட்டாவின் பானட்டைத் திறந்து பாருங்கள். அவர் திருப்பியது போலவே எஞ்சின் குறுக்கேதான் கிடக்கும்.

அதே மினி பெயரில் இன்று வரும் கன்ட்ரிமேன் 4.4 மீட்டர். 1974-இல் பிறந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 3.7 மீட்டர், அதற்குத் தம்பியாக வந்த போலோ இன்று 4 மீட்டரைத் தாண்டி அண்ணனின் பழைய சட்டைக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது. ஐரோப்பாவில் புதுக் கார்களின் அகலம் இரண்டு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கூடிவருகிறதாம். தெருக்கள் மட்டும் அகலமாகவில்லை!

நம் நாட்டிலோ கார் வளராமல் பிடித்து வைத்தது வரி! 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். விளைவு? 4.16 மீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் டிக்கியை நறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டராக வந்து நின்றது. ஈகோஸ்போர்ட் 3,999! ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே கோடுதான்: நீளமும் எஞ்சினும் வரம்புக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. வண்டிகளும் சமாளித்தன. நீளத்தில் வளர முடியாதா? சரி, உயரத்தில் வளர்வோம்!

பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்பீர்கள். 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்யம் வாங்கியது. இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம்! 2018-இல் இந்தியக் கார்களில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய நெக்ஸானும் 4 மீட்டருக்குள்தான். எடை கூடினால் உள்ளே இருப்பவருக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. வெளியே நடப்பவருக்கு? பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த பானட்டைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023-இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை!

நம் மாருதி 800-இன் மூதாதை ஜப்பானின் 'கேய்' கார், தெரியுமா? அந்த இனம் அங்கே இன்னும் ஜோராக வாழ்கிறது. 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி. சட்டம் போட்ட இந்தக் கட்டத்துக்குள் நிற்கும் ஹோண்டா என்-பாக்ஸ் பல வருடங்கள் விற்பனையில் நாட்டின் முதலிடம் பிடித்தது! அங்கே கார் வாங்க, நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்றிதழ் காட்ட வேண்டும். கேய் காருக்கோ, கிராமப்புறங்கள் பலவற்றில் அந்தச் சான்றிதழே வேண்டாம்!