உங்களுக்குத் தெரியுமா? டவுட் வேறு, சஸ்பெக்ட் வேறு

1932-இல் மும்பை மாட்டுங்காவில் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் பள்ளியானாலும் பக்கத்துத் தெரு டியூஷனானாலும், பிள்ளைகள் கேட்பது ‘டவுட்’தான். இங்கிலாந்தில் அது வெறும் ‘கொஸ்டின்’. நம் வழக்கில் குறையொன்றுமில்லை. ஆனால் ‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’ இரண்டையும் ‘சந்தேகப்படுகிறேன்’ என்றே நினைத்து எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘ஐ டவுட் ஹி கேம்’ என்றால், அவர் வந்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. ‘ஐ சஸ்பெக்ட் ஹி கேம்’ என்றால், வந்திருப்பார் என்று தோன்றுகிறது. முன்னது நம்ப மறுப்பது. பின்னது சான்று போதாமலே ஓரளவு நம்புவது. அலுவலகக் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால் வீண் மனக்கசப்பு.

ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கிலோ ‘டவுட்’டுக்கே ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற பொருளும் உண்டு.