இறங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு

மும்பையில் செம்பூரை அடுத்த கோவண்டியில், 2019 டிசம்பரில், ஒரு குடியிருப்பு சொசைட்டியின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது. அந்தப் பணத்துக்காக மூவரின் மனைவியரும் மும்பை உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. உத்தரவு வந்தது 2021 செப்டம்பரில். 2023-ல் உச்ச நீதிமன்றம் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நியாயம்தான். ஆனால் செத்த பிறகு கொடுக்க வேண்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சாவைத் தடுப்பது என்று வரும்போதோ, கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் சொசைட்டிக்காரர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணமே ஆளைக் கொல்கிறது என்பது என் வாதம்.

மூடிய தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். மேலே தெளிந்த நீராகத் தெரிந்தாலும், அடியில் இறுகிய சேற்றைக் கம்பியால் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். துணி முகமூடி இதைத் தடுக்காது. வடிகட்டி முகமூடியாலும் குழிக்குள் இல்லாத பிராணவாயுவைக் கொடுக்க முடியாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். இத்தகைய மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது.

அப்படியானால் கையுறை வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் மேலே நின்று, கழிவை உறிஞ்சும் லாரியின் குழாயைப் பிடிப்பவருக்கு. குழாய் பிடுங்கிக்கொண்டு தெறித்தால் கண்ணிலும் வாயிலும் படும். மஞ்சள் காமாலை, டைபாய்டு, குடற்புழு எல்லாம் அந்த நீரில் இருக்கின்றன. மும்பை மழைக்காலத்தில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ காய்ச்சல் காலில் ஒரு சிறு கீறல் வழியாகவே புகுந்துவிடும். முழங்கால் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, கண்ணாடி, மஞ்சள் காமாலைக்கும் டைபாய்டுக்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி, வேலை முடிந்த இடத்திலேயே சோப்பும் தண்ணீரும்: இவ்வளவையும் ஏற்பாடு செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அழுக்குத் துணியோடு தொழிலாளி வீட்டுக்குப் போனால் நோய் அவர் பிள்ளைகளுக்கும் போகும்.

சுனாபட்டி, தாராவி சந்துகளில் லாரி எப்படி நுழையும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாரி நுழையாத இடத்துக்குச் சிறிய வண்டியும் நீளமான குழாயும் உண்டு. அதைவிட முக்கியம், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் உறிஞ்சி எடுப்பது. பத்தாண்டு விட்டுவைத்துக் கல்லாக்கிவிட்டு, 'மெஷின் இழுக்கல, ஆள்தான் இறங்கணும்' என்பது நாமே வரவழைத்த நெருக்கடி. பணம் தந்தால் அவர்களே இறங்குகிறார்களே என்பது இன்னொரு வாதம். பசிக்கு ஒப்புக்கொள்வதைச் சம்மதம் என்று சட்டம் ஏற்பதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குபவருக்கு முதல் தடவையே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் செய்தாலும் சொசைட்டி தப்ப முடியாது. மும்பை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதர்களைக் கொண்டு சாக்கடை அள்ளுவதை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தடையும் செய்துவிட்டது.

உங்கள் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில், டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், யாராவது உள்ளே இறங்கினார்களா என்று கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடை தொடர்பான புகார்களுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய தொலைபேசி எண் 14420.