பாதிரியார் எழுதிய மனு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு இறங்கினால் கீழே ஒரு டீக்கடை. பெங்களூர் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் அங்கே கேட்கும், புகை வராது. போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லேப் டெக்னீசியன் படித்தவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிறவன். உகாண்டாவுக்குப் போகிறானாம், இரண்டு வருஷம் ஊழியத்துக்கு.

"ரொம்ப ஏழை ஜனங்க அங்கிள். போய் என்ன செய்யணும்னு டிரெயினிங்ல நிறைய சொல்லிட்டாங்க. என்ன செய்யக் கூடாதுன்னுதான் யாரும் சொல்லல."

இப்படிக் கேட்கிறவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "நீ இங்கேருந்து அங்கே போறே. வெளிநாட்டிலேருந்து இங்கே வந்தவங்க கதை ஒண்ணு இருக்கு. இந்த ஏரித் தண்ணி பாய்ஞ்ச வயல்ல இருந்தே ஆரம்பிக்கலாம்."

இன்று 24 அடி, எத்தனை கன அடி திறப்பு என்று செய்தியில் வருகிற ஏரி, நூறு வருஷம் முன்பு வயலுக்கான ஏரி. அப்போது இந்தப் பக்கம் முழுக்கப் பழைய செங்கல்பட்டு ஜில்லா. நிலம் மிராசுதார்களிடம். மிராசு என்பது வெறும் பட்டா இல்லை. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு. உழுத நிலத்தோடு நிற்காது, உழாத தரிசும் அந்தப் பங்குக்குள் வந்துவிடும். சேரியில் இருக்கிற ஒருவர், "அந்தத் தரிசை எனக்குக் கொடுங்கள், உழுது வரி கட்டுகிறேன்" என்று தர்க்காஸ்து போட்டார் என்று வையுங்கள். முதல் உரிமை மிராசுதாருக்கு. "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தர்க்காஸ்து செத்தது. அவர் பிறகு அதை உழுதாரா என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

உழைத்தவர்கள் படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சின்னக் கடன், அதற்கு ஈடாக ஆள். அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்காது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடன் சீட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதைப் பையனுக்கு விளக்கத் தெரியாமல் நான் தடுமாறியபோது டீ மாஸ்டர்தான் உதவிக்கு வந்தார். "குடிசை நிக்கிற மண்ணும் அவங்களதுதானா சார்?" என்றார். ஆமாம். சேரியின் குடியிருப்பு மண்ணே பல ஊர்களில் மிராசுதார் பங்கில் இருந்தது. கூலி போதவில்லை என்று வாயைத் திறந்தால், வேலை போவது அப்புறம். முதலில் குடிசை போகும். "அப்ப எங்க கதைதான்" என்றார் மாஸ்டர். கடை இருப்பது புறம்போக்கில். ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று பேச்சு வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இந்த இடத்தில்தான் பாதிரிமார்கள் வருகிறார்கள். அவர்கள் சேரியைத் தேடி வரவில்லை என்பதைப் பையன் நம்பவே இல்லை. சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனின் கணக்கு வேறு. 1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பிறகு கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1937-ல் தாம்பரம் போகும்வரை அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. மேல்சாதிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் விஞ்ஞானமும் வேதமும் சொல்லிக்கொடுத்தால், மேலே ஊற்றிய தண்ணீர் கீழே தானாக இறங்கும் என்று நினைத்தார்கள். பட்டம் வாங்கினார்கள், வேலைக்குப் போனார்கள். ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகு செங்கல்பட்டுச் சேரிகளிலிருந்து ஜனங்கள் தாங்களாகவே கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். பள்ளிக்கூடம் வை, எங்களையும் சேர்த்துக்கொள் என்று. மிஷன்காரர்களுக்குத் தர்மசங்கடம். இவர்கள் ஆண்டவருக்காக வருகிறார்களா, அரிசிக்காக வருகிறார்களா? இதற்காகவே 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று ஒரு வசைச்சொல் புழங்கியது.

பையனும் அதையே கேட்டான். "அது உண்மையான விசுவாசம்தானா அங்கிள்?"

எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. விசா கிடைக்க வேண்டும் என்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடக்கிறவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஒன்றுமில்லாதவன் சாமியிடம் மண் கேட்டால் மட்டும் அவன் பக்தியைத் தராசில் வைக்கிறோம்.

வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லாதவர்களில் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் வில்லியம் கௌடி. வெஸ்லியன் மெதடிஸ்ட் சபைக்காரர், 1880களில் வந்தவர். நம் பக்கத்துத் திருவள்ளூர், ஈக்காடு வட்டாரத்தில் வேலை செய்தவர். பிறந்தது ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில். அங்கே ஏழைக் குத்தகைக்காரர்கள், பண்ணைத் துரை நினைத்தால் வீட்டையும் நிலத்தையும் காலிசெய்ய வேண்டியவர்களாகவே வெகுகாலம் இருந்தார்கள். 1886-ல்தான் அவர்களைக் காக்கச் சட்டம் வந்தது. கௌடியின் மனசில் ஓடியது அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குடிசை மண் பிரச்சினையை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. இன்னொருவர் ஆடம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் மிஷன்காரர்.

இவர்களிடம் சேரி கேட்டது என்ன? பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது மனு எழுதத் தெரிந்த ஒரு கை, அரசாங்கக் கச்சேரிக்குள் நுழைந்தால் நாற்காலி கிடைக்கிற ஒரு ஆள். சேரிக்காரர் கொடுக்கும் தர்க்காஸ்து தாசில்தார் மேஜைக்குப் போகும் முன்பே காணாமல் போகும். பாதிரியார் பின்னால் நின்றால் கலெக்டர் வரை போகும். அதனால் வேதம் சொல்ல வந்தவர்கள் தர்க்காஸ்து பின்னால் அலைந்தார்கள், குடியிருப்பு மனைகளை விலைக்கு வாங்கினார்கள். பத்திரிகைகளுக்கும் எழுதினார்கள். கப்பல் ஏறும்போது இதற்கெல்லாம் அவர்கள் பயிற்சி எடுத்திருக்க மாட்டார்கள்.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். வீடு, சோறு, கடன், நிலம் எல்லாம் அதில் உண்டு. தரிசு நிலம் கொடுங்கள், குடியிருப்பு மனை கொடுங்கள், பள்ளி கொடுங்கள் என்றார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கேதான். அந்த நிலத்துக்கு உள்ள நிபந்தனையும் தெரிந்ததுதான்: பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம், வேறு யார் வாங்கினாலும் செல்லாது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. மிஷனரி வந்தார், நிலம் கிடைத்தது என்று கதையை அங்கேயே முடித்துக்கொண்டான். இரண்டாவது டீ சொல்லிவிட்டு அதைக் கலைத்தேன்.

அதே 1891-ல், அந்த ஜனங்களில் ஒருவரான அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டிக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கினார். அதே வருஷம் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். சீனிவாசன் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்தவர். பிறகு அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். கேட்கத் தெரியாத ஜனங்களுக்காக வெள்ளைக்காரர் கேட்டுக் கொடுத்தார் என்பது பொய். கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சத்தம் கச்சேரிக்குள் கேட்க ஒரு கதவு வேண்டியிருந்தது, சில பாதிரிமார்கள் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்கள். அதுவே பெரிய காரியம்தான். அதற்கு மேல் பெருமை அவர்களுக்குக் கொடுக்கவேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். மிஷன் நிலம் வாங்கிக் குடியேற்றங்கள் அமைத்தது. செங்கல்பட்டுப் பக்கத்து மெல்ரோசாபுரம் அப்படி வந்த ஊர். நல்ல எண்ணம்தான். ஆனால் நிலம் மிஷன் பெயரில் இருக்கும்வரை குடியானவனுக்கு என்ன மாறியது? பழைய ஆண்டை வேட்டி கட்டியிருந்தார், புதியவர் அங்கி போட்டிருக்கிறார். குடிக்காதே, ஆராதனைக்கு வா என்று அவர் சொல்வது நல்ல புத்தியாகவே இருக்கலாம். ஆனால் குடிசை மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் புத்திமதி வேறு ரகம். இதைத்தான் பையனுக்கு நான் சொல்ல நினைத்த 'செய்யக் கூடாதது' என்று வைத்துக்கொள்ளலாம்.

சபைக்குள் வந்த பிறகும் சேரி சேரியாகத்தான் இருந்தது. 1950-ல் ஜனாதிபதி ஆணை வந்தபோது, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியில் வரமாட்டார் என்று எழுதிவிட்டார்கள். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரை. கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தாத்தா ஞானஸ்நானம் எடுத்ததற்குப் பேரன் சாதிச் சர்ட்டிபிகேட்டில் விலை கொடுக்கிறான். தெரு அதேதான், கிணற்றுத் தகராறும் அதேதான்.

"நிலமாவது மிஞ்சிச்சா?" என்றான்.

நிறைய மிஞ்சவில்லை. கடனுக்குப் போனது, மிரட்டலுக்குப் போனது, நிபந்தனையை மறைத்துப் பதிவு செய்த பத்திரத்தில் போனது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பெயர் ஏழுமலை. இன்னொருவர் பெயர் ஜான் தாமஸ். ஒரே நிலத்துக்காகச் செத்த இரண்டு பேரில் யார் விசுவாசம் உண்மை என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பையன் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "உகாண்டாவுல நிலம் யாருது அங்கிள்?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரிந்ததைச் சொன்னேன். அங்கே புகாண்டா பகுதியில் 1900-ல் பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டு, நிலத்தைச் சதுர மைல் கணக்கில் ராஜாவுக்கும் தலைவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். மைல் என்பதிலிருந்தே அந்த நிலத்துக்கு 'மைலோ' என்று பெயர். அதுவரை உழுதுகொண்டிருந்த குடிகள் வேறொருவர் நிலத்தில் குடியிருப்பவர்கள் ஆனார்கள். அந்தப் பங்கீட்டில் மிஷன்களுக்கும் சதுர மைல்கள் கிடைத்தன.

"சர்ச்சுக்குமா?"

"சர்ச்சுக்கும்தான். போய் இறங்கினதும் ஆஸ்பத்திரியப் பாரு, ஸ்கூலப் பாரு. அப்படியே அந்த ஜனங்க வீடு நிக்கிற மண்ணு யார் பேர்ல இருக்குன்னும் கேளு. உன்னை அனுப்புற ஆளுங்க பேர்ல இருந்தா, அதை இங்கே எழுதி அனுப்பு."

மாஸ்டர் காசு வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: ஏரியைச் சுற்றி லே-அவுட் போர்டு வைக்கிறவர்கள் யாரும் இந்தக் கதையைச் சொல்வதில்லை. உண்மைதான். இந்தப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். தாலுகா ஆபீஸில் ஏ-பதிவேட்டைப் புரட்டச் சொல்லுங்கள். பழைய பதிவில் நிபந்தனை நிலம் என்று இருந்தால், எத்தனை கை மாறி வந்திருந்தாலும் வாங்காதீர்கள்.