தண்ணீர் தாங்குமா?

1922ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரிக்கரையில் லேக் சிட்டி என்றொரு சின்ன ஊர். அந்த ஊரில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு பைன் மரப் பலகைகளை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 9 அங்குல அகலம். அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பலகைகளின் நுனியை அதில் வேகவிட்டார். நன்றாக வெந்ததும் நுனிகளை மேல்நோக்கி வளைத்து, இறுக்கிக் கட்டி ஆறவிட்டார்.

மரத்தை வேகவைத்தால் வளையுமா? வளையும், பிள்ளைகளே. மரத்துக்குள் இருக்கும் நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் அது இளகிவிடும். ஆறியதும் மறுபடி இறுகிக்கொள்ளும். அதனால் வளைத்த வளைவு அப்படியே நிற்கும்.

எதற்காக இந்தப் பாடு? மினசோட்டாவில் குளிர்காலம் வந்தால் ஊரே பனியில் மூடிவிடும். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். 'பனியில் சறுக்க முடிகிறதே, ஏரியில் ஏன் முடியாது?' என்று ரால்ஃப் யோசித்தார். மரப்பீப்பாயின் வளைந்த பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளையே கட்டிப் பார்த்தார், அப்போதும் மூழ்கினார். பிறகுதான் சொந்தமாகவே பலகை செய்ய இறங்கினார். சகோதரர் பென் படகை ஓட்ட, ரால்ஃப் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டார். புதுப் பலகையோடும் பல முறை விழுந்தார். கடைசியில் ஒரு சிறிய மாற்றம் செய்தார். உடம்பைப் பின்னால் சாய்த்து, பலகைகளின் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டார். படகு கிளம்பியது. அவர் எழுந்து நின்றுவிட்டார்! அன்று ஜூலை 2. மறுநாள் அவருடைய 19ஆவது பிறந்தநாள்.

அந்தச் சிறிய மாற்றத்துக்குள்தான் பெரிய இயற்பியல் இருக்கிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள். செங்குத்தாகப் போட்டால் 'ளொபக்' என்று மூழ்கிவிடும். படுக்கை வாட்டத்தில், முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருக்கும்படி வேகமாக வீசினால் தத்தித் தத்திப் போகும். நுனி தூக்கிய தட்டையான பொருள் வேகமாக வரும்போது, தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி என்ன சொல்கிறது? நாம் ஒன்றைத் தள்ளினால், அதுவும் அதே அளவு விசையோடு நம்மைத் திருப்பித் தள்ளும். பலகை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. நுனி தாழ்ந்திருந்தால் இது தலைகீழாகிவிடும். தண்ணீர் பலகையின் மேல் ஏறி, அதைக் கீழே அமுக்கிவிடும்.

ஆனால் வேகம் வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய 1000 கிலோ. அவ்வளவு கனமான பொருள் சட்டென்று விலகி வழி விடாது. மெதுவாக அழுத்தினால் விலகும். வேகமாக அழுத்தினால் எதிர்த்து நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் திருப்பித் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அப்படியானால் வேகத்தைக் கூட்டக் கூட்ட, பலகையைச் சிறியதாக்கிக்கொண்டே போகலாம் அல்லவா? போனார்கள். 1947இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பலகையே இல்லாமல், வெறுங்காலால் ஏரிமேல் சறுக்கிக் காட்டினார்கள். உள்ளங்கால் எவ்வளவு சின்னது! அது ஓர் ஆளைத் தாங்க வேண்டுமென்றால் படகு மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வேகத்தில் நம்மைத் தாங்கும் தண்ணீர், விழுந்தால் அதே வேகத்தில் அறையும். ஆகவே சறுக்குபவர் எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டே தீரவேண்டும். அடிபட்டு மயங்கிவிட்டவருக்கு நீச்சல் உதவாது. ஜாக்கெட் மட்டும்தான் உதவும்.

இன்று மினசோட்டாவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் பதிவாகியிருக்கின்றன. கோடை விடுமுறை வந்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று குடும்பமே காருக்குப் பின்னால் டிரெய்லரில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும். அப்படிப் போகும் படகுகளில் சறுக்குக்கென்றே செய்யப்பட்ட ஒரு வகை உண்டு. அதுதான் ஸ்கீ படகு. அதை வேகப் படகு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு பாகமும் யோசித்துச் செய்யப்பட்டது.

நின்றிருக்கும்போது அதுவும் எல்லாப் படகையும்போல ஆர்க்கிமிடீஸ் விதிப்படி மிதக்கிறது. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேகம் கூடியதும் முதலில் மூக்கு மேலே தூக்கும். தானே எழுப்பிய அலையின் மேட்டில் படகு ஏறப் பார்க்கிறது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் நேரம் அது. ஏறி முடித்ததும் மூக்கு தாழ்ந்து, படகு நேராகி, ஏரியின் மேல்பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். ரால்ஃபின் பலகையைத் தாங்கிய அதே விசை இப்போது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகையும் தாங்குகிறது!

பெரும்பாலான வேகப் படகுகளில் இன்ஜின் வாலில் இருக்கும். ஸ்கீ படகில் அது நடுவில் இருக்கும். அதன் அருகிலேயே ஓர் உறுதியான உலோகக் கம்பம் நிற்கும். சறுக்குபவரின் கயிறு அதில்தான் மாட்டப்படும். ஏன் வாலில் கட்டக்கூடாது? ஒரு சோதனை செய்து பாருங்கள். வழவழப்பான மேசைமேல் ஒரு ஸ்கேலை வையுங்கள். அதன் ஒரு நுனியில் நூலைக் கட்டிப் பக்கவாட்டில் இழுங்கள், ஸ்கேல் திரும்பிவிடும். நடுவில் கட்டி இழுங்கள். திரும்பாமல் அப்படியே நகர்ந்து வரும். சறுக்குபவர் வலமும் இடமும் பாய்ந்து பாய்ந்து கயிற்றை இழுப்பார். கயிறு வாலில் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் படகு திசைமாறும். நடுவில் இருப்பதால் நேராகவே ஓடும்.

போட்டிகளில் படகு 259 மீட்டர் நீளமுள்ள நேர்வழியில் போகும். சறுக்குபவர் இருபுறமும் மாறி மாறி மிதக்கும் ஆறு மிதவைகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆண்களுக்கான உயர்ந்த வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். எத்தனை வினாடி ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 16 வினாடி வரும். அதே 16 வினாடியில் சறுக்குபவர் வளைந்து வளைந்து அதைவிட நீளமான பாதையை முடிக்கிறார். அப்படியானால் சராசரியாகப் பார்த்தால், இழுக்கும் படகைவிட இழுபடுபவர்தான் வேகமாகப் போகிறார்!

படகுக்குப் பின்னால் 'வி' வடிவில் அலை விரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? 1887இல் கெல்வின் பிரபு இதைக் கணக்கிட்டார். ஆழமான தண்ணீரில் வாத்து நீந்தினாலும் கப்பல் போனாலும் அந்த 'வி'யின் விரிவு சுமார் 39 டிகிரிதான் என்றார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் அதுவே பாடமாக இருந்தது. 2013இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இருவர் கூகுள் எர்த் படங்களில் கப்பல்களின் அலைகளை அளந்து பார்த்தார்கள். மிக வேகமாகப் போகும் படகுகளுக்கு அந்தக் கோணம் சுருங்குவதைக் கண்டார்கள். கணினியில் எல்லோரும் பார்க்கும் படங்களைக் கொண்டு, ஒரு பழைய கணக்குக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடிந்திருக்கிறது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

ஸ்கீ படகில் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. ஓட்டுபவர் முன்னால் பார்க்கவேண்டும். பின்னால் சறுக்குபவரைப் பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எல்லாம் சைகைதான். கட்டைவிரல் மேலே என்றால் 'வேகத்தைக் கூட்டு', கீழே என்றால் 'குறை', தலையைத் தட்டினால் 'கரைக்குப் போகலாம்'. ஓட்டுபவரின் உடையிலிருந்து ஒரு சுருள் கயிறு இன்ஜின் சுவிட்சுக்குப் போகும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும்.

இன்ஜினை இயக்குவதற்கு முன் சில நிமிடம் ஒரு மின்விசிறியை ஓடவிடுவார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். அதை வெளியேற்றத்தான் அந்த விசிறி. இன்ஜின் புகையில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இன்ஜின் ஓடும்போது படகின் வால்பக்கப் படியில் உட்காருவதோ, அதைப் பிடித்துத் தொங்குவதோ கூடவே கூடாது.

சறுக்கி முடித்து ஏரியில் நின்றபடி மிதப்பவர் ஒன்றை உணர்வார். மார்புக்கு வெதுவெதுப்பு; ஆழம் போகப் போகக் குளிர்ச்சி. கோடையில் வெயில் படும் மேல்தண்ணீர் சூடாகி, அடர்த்தி குறைந்து, மேலேயே தங்கிவிடுகிறது. கீழே இருப்பது குளிர்ந்த, கனமான தண்ணீர். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீரும் குளிர்ந்து அந்த நிலையை நெருங்கும்போது அது கீழே இறங்கும். அடித்தண்ணீர் மேலே வரும். ஆழத்தில் வாழும் உயிர்களுக்கு அப்போது புது ஆக்சிஜன் கிடைக்கும். பிறகு மேலே பனிக்கட்டி உறையும். அதன் கீழே மீன்கள் உயிரோடு இருக்கும்.

பனிக்கட்டி மீனைக் காப்பாற்றும், படகை உடைத்துவிடும். பல ஸ்கீ படகுகளில் ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டு வெளியேற்றுவார்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே தங்கி உறைந்தாலும் இரும்பு இன்ஜினே விரிசல் விட்டுவிடும். அதனால் குளிருக்கு முன்பே ஒவ்வொரு குழாயையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார்கள்.

தண்ணீரை வடிப்பதற்கு வேறொரு முக்கியக் காரணமும் உண்டு. 1988இல் அமெரிக்காவும் கனடாவும் பங்கிடும் செயின்ட் கிளேர் ஏரியில் கோடு கோடாக இருக்கும் ஒரு சின்னச் சிப்பியைக் கண்டார்கள். வரிக்குதிரைச் சிப்பி என்று அதற்குப் பெயர். அது அந்தப் பகுதி உயிரே அல்ல. ஐரோப்பியப் பகுதியிலிருந்து கப்பல்கள் சுமந்து வந்த தண்ணீரில் ஒளிந்து வந்தது. வளர்ந்த சிப்பி நம் விரல்நகம் அளவு. ஒரு பெண் சிப்பி ஓர் ஆண்டில் பத்து லட்சம் முட்டைவரை இடும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. படகில் தேங்கிய ஒரு கை தண்ணீரில் ஏறி அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஒவ்வொரு சிப்பியும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். ஏரி கண்ணாடிபோலத் தெளிந்து அழகாகத் தெரியும். ஆனால் மீன்குஞ்சுகளுக்கு இரை குறைந்துபோயிருக்கும். உள்ளூர் சிப்பிகளின் ஓட்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அவற்றைப் பட்டினி போட்டே கொன்றுவிடும். ரால்ஃப் எழுந்து நின்ற பெப்பின் ஏரியிலும் இந்தச் சிப்பி புகுந்துவிட்டது.

அலையாலும் ஏரிக்குத் தொல்லை வரும். இப்போது வயிற்றில் தண்ணீர் நிரப்பிக் கனமாக்கி, வேண்டுமென்றே பேரலை எழுப்பும் படகுகள் வந்திருக்கின்றன. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு. அது கரை மண்ணை அரிக்கும். 2022இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அலைகளை அளந்து, அப்படிப்பட்ட படகுகள் கரையிலிருந்து 500 அடிக்கு மேல் தள்ளி ஓடவேண்டும் என்றார்கள். அலையைக் குறைக்கும்படி செய்யப்பட்ட ஸ்கீ படகு இந்த வகையில் ஏரிக்கு நல்லது என்பேன்.

மினசோட்டாவில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. ஏரியிலிருந்து படகை வெளியே எடுத்ததும் ஒட்டியிருக்கும் பாசி, செடி எல்லாவற்றையும் அகற்றவேண்டும். அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வடிக்கவேண்டும். அடைப்பானைக் கழற்றி வைத்தபடிதான் சாலையில் போகவேண்டும். அந்த வேலையைப் பல வீடுகளில் பிள்ளைகளே செய்கிறார்கள்.

உங்களிடம் படகு இல்லாமல் இருக்கலாம். வீட்டில் மீன்தொட்டி இருக்கலாம். வளர்க்க முடியாமல் போனால் அந்த மீனையோ செடியையோ பக்கத்துக் குளத்தில் விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று கடையில் விற்கும் மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் புகுந்து பெருகிக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலோ, மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.